பெட்டி மாறினால் பாட்டு மாறுமா?



சேலம் அடிவாரத்திலிருந்து நம் ஏற்காட்டிற்கு ஏறிவரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த இருபதையும் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர் என் தந்தை. வாடகைக் கார் ஓட்டுகிறார். காரில் பாதி எங்களுடையது, மீதி வங்கியினுடையது.

சென்ற கோடை விழாவிற்கு ஒரு மாதம் முன்பு, சேலத்தில் ஒரு கடைக்காரர் அப்பாவிடம், "உங்கள் ஸ்டீரியோவில் உள்ள ஆம்ப்ளிபயர் மட்டமானது. தனி ஆம்ப்ளிபயர் வைத்தால் பாட்டு கண்ணாடி போலக் கேட்கும், பயணிகள் தேடி வருவார்கள்" என்று சொல்லிவிட்டார். விலை 18,000 ரூபாய். அம்மாவோ, "முன் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. மழை வந்தால் மலையிறங்குகிற வண்டிக்குப் பாட்டா முக்கியம்?" என்றார். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை சரியில்லை. அப்போதுதான் நான் எங்கள் இயற்பியல் சிஸ்டரிடம், "ஆம்ப்ளிபயருக்கு ஆம்ப்ளிபயர் ஒலியின் தரம் உண்மையிலேயே மாறுமா?" என்று கேட்டேன்.

ஆம்ப்ளிபயரின் வேலை ஒன்றே ஒன்று. பாட்டிலிருந்து வரும் சிறிய மின் அலையை, அதன் வடிவம் மாறாமல் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். வடிவம் மாறவில்லை என்றால் இரண்டு ஆம்ப்ளிபயர்களுக்குள் காதுக்கு வேறுபாடு தெரியக் காரணமே இல்லை. ஆனால் தெரிகிறது என்று பலர் சத்தியம் செய்கிறார்கள்.

இதைச் சோதிக்க அமெரிக்காவில் கார் ஒலித் துறையில் பெயர் பெற்ற ரிச்சர்ட் கிளார்க் என்பவர் 1990களில் ஒரு சவால் விடுத்தார். எந்தப் பெட்டி பாடுகிறது என்பதைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு, 24 தடவையும் பிழையின்றிச் சொல்பவருக்கு 10,000 டாலர் பரிசு. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் முயன்றனர். ஒருவரும் பரிசை வெல்லவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவருடைய நிபந்தனைகள்தான். இரண்டு பெட்டிகளின் சத்தமும் அளவில் சமமாக இருக்க வேண்டும். எதையும் அதன் சக்திக்கு மேல் முடுக்கக் கூடாது. பாஸ், டிரெபிள் போன்ற திருத்தங்களும் சமமாக இருக்க வேண்டும். அப்படியானால் வேறுபாடு இருக்குமிடம் இந்த நிபந்தனைகளிலேயே அடங்கியிருக்கிறது அல்லவா?

நாங்களும் சோதித்துப் பார்த்தோம். கடைக்காரர் பெட்டியை இரண்டு நாள் வைத்துப் பார்க்கத் தந்தார். மாட்டிக்கொண்டு மலையேறி வந்த அப்பா, "அடிவாரத்தில் கேட்டதை விட இங்கே மந்தமாக இருக்கிறதே" என்றார். அதற்குக் காரணம் பெட்டியன்று, காது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். ஏறி வருவதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காது அடைத்துக்கொள்ளும் என்பது பேருந்தில் வரும் நமக்கெல்லாம் தெரிந்ததுதானே! அடிவாரத்தில் ஒரு பெட்டியையும் மேலே ஒரு பெட்டியையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேலும் ஒலியின் நுட்பமான நினைவு சில நொடிகளில் மங்கிவிடும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைப் பூட்ட அரை மணி ஆனால் ஒப்பிடவே வழியில்லை.

ஆகவே பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியன் மாமா ஒரு சுவிட்ச் அமைத்துக் கொடுத்தார். ஒரு தட்டில் இரண்டு ஸ்பீக்கர்களின் நான்கு கம்பிகளும் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றிற்கு மாறும். (கார் ஸ்டீரியோவில் ஸ்பீக்கரின் எந்தக் கம்பியையும் எர்த்தோடு சேர்க்கக் கூடாது, சேர்த்தால் புகைந்துவிடும் என்று மாமா மூன்று முறை எச்சரித்தார்.)

முதலில் அளவு பாராமல் வைத்தோம். "புதுப் பெட்டிதான் தெளிவு!" என்று அப்பா உடனே சொல்லிவிட்டார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் புதுப் பெட்டி ஏறக்குறைய 2 டெசிபல் கூடுதலாக ஒலித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சிறிய கூடுதல் பலருக்குச் சத்தமாகத் தெரிவதில்லை. தெளிவு என்றும் இனிமை என்றும் தோன்றும். கடைகளில் பெரும்பாலும் காதை ஏமாற்றுவது இதுதான்.

பிறகு, ஒரே சீரான ஒலியைப் பாட வைத்து, இரண்டிலும் ஸ்பீக்கர் முனையில் சரியாக 2 வோல்ட் வரும்படி திருகினோம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வோல்ட் என்றால், நாம் படித்த சூத்திரப்படி, ஒரே ஒரு வாட். நின்ற காருக்குள் அந்த ஒரு வாட்டே தாராளம்! அப்பா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தார். நான் பின்னால் ஒளிந்துகொண்டு நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா விழுந்தபடி சுவிட்சை வைத்தேன். 20 தடவையில் அப்பா சரியாகச் சொன்னது 11. கண்ணை மூடி ஊகித்தாலே 10 வரும். 15 வந்திருந்தால்தான் காது கண்டுபிடித்தது என்று ஓரளவு நம்பலாம் என்றார் சிஸ்டர். அப்பா துண்டை எடுத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மறுநாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில், என்ஜின் முனக முனக மலையேறினோம். அந்த இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டியபோது, பழைய ஸ்டீரியோவில் மேளம் கிழிந்தாற்போல் ஒலித்தது. புதுப் பெட்டியில் அது இல்லை. இங்கே வேறுபாடு உண்மைதான். ஏன்?

அப்பாவின் ஸ்டீரியோ முகப்பில் "50 வாட் × 4" என்று பொறித்திருக்கிறது. ஓடும் காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4 ஓமால் வகுத்தால் சுமார் 52. ஆகா, சரிதான் என்று நினைத்துவிடாதீர்கள்! அது அலையின் தலை முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன ஒலிக்கு உரிய கணக்கு. வளைவு கெடாத சுத்தமான அலைக்கு அதில் பாதி, 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்பும் போக, கைக்கு வருவது 20 வாட் அளவுதான். அதற்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி மொட்டையாகிவிடும். அதுதான் நாங்கள் கேட்ட கிழிசல். தனிப் பெட்டிக்குள் 12 வோல்ட்டை உயர்த்தும் அமைப்பு ஒன்று இருப்பதால் அதற்கு இடம் அதிகம். 18,000 ரூபாய் கொடுத்தால் கிடைப்பது அந்த இடம். குரலின் இனிமை அல்ல.

புதுப் பெட்டியிலும் ஒரு குறை வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு வண்டு ரீங்காரம் ஏறி ஏறி ஒலித்தது. காருக்குள் வண்டு புகுந்துவிட்டதென்று நான் உண்மையிலேயே இருக்கைக்கு அடியில் தேடினேன்! எர்த் கம்பியை மாட்டிய இடத்தில் பெயின்டைச் சுரண்டாமல் நாங்கள் போல்ட்டை முறுக்கியிருந்தோம். ஆல்டர்னேட்டரின் ஓசை அவ்வழியே பாட்டில் கலந்துவிட்டது. மாமா உப்புத்தாளால் தேய்த்ததும் வண்டு பறந்துவிட்டது.

அப்படியானால் அதிகச் சத்தத்திற்கு வேறு வழியில்லையா? இருக்கிறது. ஸ்பீக்கர்களில், ஒரே மின்சாரத்திற்கு அதிகமாக ஒலிப்பவை உண்டு. 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரைப் போடுவது ஆம்ப்ளிபயரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் குரலும் நன்றாகவே மாறும். அதைக் கண்டுபிடிக்க நாணயம் சுண்ட வேண்டியதில்லை. அப்பா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு முன் கதவுகளுக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் வாங்கினார். மீதிப் பணத்தில், கோடை மழைக்கு முன்பே டயர்கள் மாறின.

கோடை விழாவின்போது லேடீஸ் சீட்டுக்கு வந்த ஒரு பயணி, "பாட்டு அருமையாக இருக்கிறதே, ஆம்ப்ளிபயர் எந்தக் கம்பெனி?" என்று கேட்டாராம். "வண்டியோடு வந்ததுதான் சார்" என்றாராம் அப்பா. அவர் நம்பவில்லையாம், இறங்கும்போது குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் போனாராம்.

— பத்தாம் வகுப்பு மாணவி