ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதி ஆனது எப்படி?

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மேலே ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் ஒரு பாலம் இருந்தது. சொல்லின் முதலில் வரும் 'ஹா' தமிழ் நாவுக்குப் பழக்கமில்லாதது. அது 'ஆ' ஆயிற்று. ஆமில்டன் என்றாலும் ஊராருக்குப் பொருள் விளங்கவில்லை. அதற்கு நெருக்கமாக ஒலித்தது, நாவிதரைக் குறிக்க அந்தக் காலத்தில் வழங்கிய 'அம்பட்டன்' என்ற சொல். பாலம் அம்பட்டன் வாராவதி ஆகிவிட்டது. வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் அந்த உள்ளூர்ப் பெயருக்குப் பொருள் கேட்டு, 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஹாமில்டன் துரை நாவிதராக மாறித் தன் சொந்த மொழிக்கே திரும்பிப் போனார்.

இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிறு பல ஊர்களில் அண்ணாக்கயிறு ஆனதும் இதே வழியில்தான். அரை என்றால் இடுப்பு, ஞாண் என்றால் கயிறு. ஞாண் பேச்சிலிருந்து மறைந்தபின் அந்த இடத்தில் வெறும் ஓசைதான் மிஞ்சியது. எல்லார் வீட்டிலும் புழங்கும் அண்ணா அங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். பொருளும் போய்விட்டதால், இன்னொரு 'கயிறு' தேவைப்பட்டது.

படிக்காதவர் பிழை என்று இவற்றை ஒதுக்குகிறவர்களை நான் ஏற்பதில்லை. படித்தவர், படிக்காதவர் எல்லோர் தலைக்குள்ளும் ஓயாமல் ஓடும் ஒரு பொறியின் வேலை இது.

எழுதும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் அப்படி இடம் கிடையாது. பேச்சைப் பதிவுசெய்து வரைபடமாக்கிப் பார்த்தால் ஒலி ஒரே நீட்டாக ஓடுவது தெரியும். இடையிடையே மௌனம் விழுந்தாலும், 'பட்டு', 'பக்கம்' போன்ற சொற்களில் வல்லினம் அழுந்துகிற இடத்தில், அதாவது சொல்லின் நடுவிலேயே விழும். தெரியாத மொழிக்காரர் மூச்சுவிடாமல் கொட்டுவதுபோல நமக்குத் தோன்றுவது அதனால்தான். தெரிந்த மொழியில் நமக்குக் கேட்கும் இடைவெளிகளில் பெரும்பாலானவை மனம் தானாகப் போட்டவை.

ஒலி வரவர, அதற்குப் பொருந்தும் சொற்களையெல்லாம் மனம் ஒரே சமயத்தில் எழுப்புகிறது. 'கட' என்றதுமே கடல், கடலை, கடன், கடவுள் எல்லாம் எழுந்து நிற்கும். அடுத்த ஒலி சிலவற்றைக் கழிக்கும். பேச்சின் போக்கு இன்னும் சிலவற்றைக் கழிக்கும். எஞ்சியவற்றில் அதிகம் புழங்கும் சொல் முந்திக்கொள்ளும். இவ்வளவும் நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்துவிடுகிறது. ஒலி குறைந்தால்கூட மனம் தயங்குவதில்லை. 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், ஒரு வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலிருந்த 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மீதி ஒருவர் தவறான ஒலியைச் சுட்டினார்.

ஒலியை எங்கே வெட்டுகிறோம் என்பதில் பொருள் மாறும் என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தனிமொழி, தொடர்மொழி என்ற இரண்டோடு தனிச்சொல்லாகவும், பிரித்தால் தொடராகவும் பொருள் தரும் பொதுமொழி என்று மூன்றாவதையும் நன்னூல் வகுக்கிறது. 'எட்டு' ஓர் எண்; எள் + து என்று பிரித்தால் 'எள்ளை உண்' என்று பொருள். 'வேங்கை' மரமாகலாம், புலியாகலாம். வேம் + கை என்று பிரித்தால் வேகின்ற கை. பிரிமொழிச் சிலேடை முழுவதும் இந்தப் பிரிப்பில்தான் விளைகிறது. புலவர் திட்டமிட்டுச் செய்வதை, இரைச்சலில் நம் காது தன்னையறியாமல் செய்துவிடுகிறது.

வெளியிலிருந்து வந்த மொழிக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற ஓலம், பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் ஹாப்சன், ஜாப்சன் என்ற இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாக விழுந்தது. ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி 1886இல் வெளிவந்தபோது 'ஹாப்சன்-ஜாப்சன்' என்பதே அதற்குத் தலைப்பாயிற்று. வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவை வெள்ளைக்காரர்கள் 'சர் ராஜர் டவுலர்' ஆக்கிய கதையும் உண்டு. தங்கள் இனத்தார் தடுமாறியதை மறைக்காமல், அதையே அகராதியின் நெற்றியில் எழுதி வைத்த அந்த இருவர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்தப் பொறி மிகக் கடுமையாக உழைப்பது வயதானவர்களிடம். முதுமையில் காது மங்கும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் தேய்கின்றன. உயிரொலி கேட்கும், மெய்யொலிகளைப் பிரித்தறிவது கடினமாகும். கடை, சடை, தடை, படை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நாம் ஒன்று கேட்க, பாட்டி வேறொன்றுக்குப் பதில் சொல்கிறார். வீடே சிரிக்கிறது. கிடைத்த அரைகுறை ஒலியை வைத்துக்கொண்டு ஒரு முழு வாக்கியத்தை அவர் கட்டியிருக்கிறார் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. நாள் முழுதும் அப்படிக் கட்டுவது களைப்பூட்டும் வேலை. பலர் கூட்டமான பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களிடம் கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருகும், மெய்யொலி தெளிவாவதில்லை. விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, எதைப் பற்றிய பேச்சு என்று முதலில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒரு சொல் பிடிபடாவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல், வேறு சொல்லால் சொல்லிப் பார்க்க வேண்டும்.