எல்லை தாண்டினால் விதி மாறும், பாரம் மாறுமா? சீனியர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வேலை என்ன?

நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறி, பாறசாலை வழியாகக் களியக்காவிளை போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அதற்குள் கட்டட விதிகள் இரண்டு முறை மாறிவிடும். நெய்யாற்றின்கரை நகராட்சிக்கு, கேரள நகராட்சிக் கட்டட விதிகள், 2019. பாறசாலை ஊராட்சிக்கு, கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகள், 2019. எல்லை தாண்டிக் களியக்காவிளை பேரூராட்சிக்குள் நுழைந்தால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றது. அன்று போட்ட கோடுதான் இன்றைக்கும் வரைபடத்தில் யார் கையெழுத்துப் போடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

சீனியர் என்றால் என்ன வேலை?

ஆர்க்கிடெக்ட் வீட்டின் உருவத்தைத் தருவார். அது நிற்குமா என்று சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். டிசைன் கன்சல்டன்சியில் ஜூனியர்கள் ஈடாப்ஸ், ஸ்டாட் புரோ போன்ற மென்பொருளில் கட்டடத்தை மாடல் செய்வார்கள். சீனியரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மண் பரிசோதனை அறிக்கையும் அஸ்திவாரமும் பொருந்துகிறதா? வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுப் பாரம் என்று ஐஎஸ் 875 சொல்கிறதே, மொட்டை மாடியில் வைக்கப்போகும் 1,000 லிட்டர் தொட்டியின் ஒரு டன் எங்கே சேர்ந்தது? இதையெல்லாம் அவர் கையால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கணும். கம்ப்யூட்டர் சொன்னதுன்னு விட்டுவிட முடியாது.

பழைய ஃபைலை காப்பி அடித்தால் என்ன?

இங்கேதான் ஆபத்து. திருவனந்தபுரத்துக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். வித்தியாசம் 11 தானே என்று தோன்றும். ஆனால் காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், சென்னைக் கட்டடம் 1.6 மடங்கு அழுத்தத்தைத் தாங்கணும். இங்கே செய்த மாடலை அங்கே எடுத்துக்கொண்டு போனால், மாற்ற மறந்த ஒரே ஒரு எண் போதும்.

கடற்கரையும் அப்படித்தான். மழை, வெயில் படாத உள்நாட்டுக் கட்டட பாகத்துக்கு ஐஎஸ் 456 கேட்பது எம்20 கான்கிரீட், கம்பிக்கு மேல் 20 மி.மீ. கவர். பொழியூர் மாதிரி கடலோர ஊரில் உப்புக்காற்று நேரடியாகப் படும் பாகத்துக்கு எம்30, 45 மி.மீ. கவர். இந்தக் கவர் குறைந்தால் கட்டிய அன்று எதுவும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட்டைப் பிளக்கும்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாமா?

போடலாம், அந்தந்த மாநிலத்தில் பதிவு செய்திருந்தால். வழக்கறிஞர்களுக்கு 1961-லும் ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972-லும் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. இன்ஜினியர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. மாநிலங்கள்தான் தங்கள் கட்டட விதிகளின்படி பதிவு தருகின்றன. விசிட்டிங் கார்டில் இருக்கும் ‘சீனியர்’ கம்பெனி கொடுத்த பதவி. சட்டம் கொடுத்த உரிமை அல்ல.

தப்பானால் யார் பொறுப்பு?

கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2019 மே மாதம் மூடப்பட்டது. சென்னை ஐஐடி ஆய்வு விரிசல்களைக் காட்டியது. பாலத்தின் மேல்பகுதியை மாற்றி, 2021 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தார்கள். விஜிலென்ஸ் விசாரணை ஒப்பந்ததாரரோடு நிற்காமல் வடிவமைப்பு ஆலோசகர் வரை வந்தது.

அங்கே உயிர் போகவில்லை. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்தபோது 61 பேர் இறந்தார்கள். கட்டுமான நிறுவனத்தினரோடு இன்ஜினியர்களும் கைதானார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இந்தத் துறையில் இருந்தால், நீங்கள் சரிபார்க்காத கணக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த மண் அறிக்கையை வைத்து, எத்தனை மாடிக்கு டிசைன் செய்தீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். சைட்டில் ஒரு தூணை நகர்த்தினால் புது வரைபடம் கேளுங்கள்.

வீடு கட்டுபவராக இருந்தால் கேட்க வேண்டியவை மூன்று: ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்? அவருடைய பதிவு இந்த மாநிலத்தில் செல்லுமா? பின்னாளில் இன்னொரு மாடி எழுப்ப அஸ்திவாரம் தாங்குமா? மூன்றாவதற்கு ‘தாங்கும், பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், கணக்கை எழுதி வாங்குங்கள்.