‘இல்லை’ என்ற அம்புக்குறி எங்கே போகிறது?

போன மாதம் செக்காலையில் சில கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னப் பேச்சு. பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடை எப்படி நடந்தது என்பதுதான் விஷயம். நாம சாஃப்ட்வேர் ஆளாச்சே, பத்தி பத்தியாக எழுதாமல் ஃப்ளோசார்ட் போட்டுவிட்டேன். ஒரே ஸ்லைடில் நாற்பது கட்டம். வீட்டில் பையனிடம் காட்டினால், “என்னப்பா, கரண்ட் போர்டா?” என்கிறான்.

ஃப்ளோசார்ட் கம்ப்யூட்டர்காரர்களின் சொத்து என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, 1921ல், ஃபிராங்க் - லில்லியன் கில்பிரெத் தம்பதி அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் இதன் மூதாதையை அறிமுகப்படுத்தினார்கள். தொழிற்சாலை வேலையைப் படமாக்கத்தான். ஆக, வட்டிக்கடைக்குப் போடுவதில் தப்பில்லை.

என் படத்தில் கட்டங்கள் அதிகம் என்பதைவிடப் பெரிய குறை, எந்த வேலையை யார் செய்கிறார் என்பதே தெரியவில்லை. அதனால் நீச்சல் குளத்தில் கயிறு கட்டுவது மாதிரி மூன்று தடமாகப் பிரித்தேன். மேலே காரைக்குடி முதலாளி, நடுவில் பர்மாவில் இருக்கும் ஏஜென்ட், கீழே கடன் வாங்கும் விவசாயி. முதலாளி சம்பளச் சீட்டு எழுதி ஆளை அனுப்புவார், பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு. கடன் கொடுப்பது, அடமானம் வாங்குவது, வசூலிப்பது, ஊருக்குக் கணக்கு அனுப்புவது எல்லாம் ஏஜென்ட் வேலை. கடைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நடப்பு வட்டியை ரங்கூன் கோயிலில் மாதாமாதம் கூடி முடிவு செய்தார்கள். அது எந்தத் தடத்திலும் அடங்காது. வெளியிலிருந்து வரும் தகவலாக, சாய்ந்த பெட்டியில் ஓரமாக வைத்தேன்.

அடுத்தது வைரக் கட்டம்: “தவணைக்குப் பணம் வந்ததா?” ‘ஆம்’ என்றால் நேராகக் கீழே, அடுத்த போகத்துக்குப் புதுக் கடன். ‘இல்லை’ என்றால் பக்கவாட்டில் ‘தவணை நீட்டிப்பு’, அங்கிருந்து திரும்ப அதே வைரத்துக்கு. படம் ரொம்ப அழகாக இருந்ததுங்க!

ஒரு மாணவி கேட்டார்: “சார், சுத்திக்கிட்டே இருக்கே, எப்ப வெளிய வரும்?”

இருபது வருஷமா கோடு எழுதுறவன், முடிவில்லாத லூப்பைப் போட்டு அதை நாலு பேர் முன்னாடி திரையிலும் காட்டியிருக்கேன்.

வெளியே வரும் வழி சரித்திரத்தில் இருக்கிறது. 1930 வாக்கில் நெல் விலை சரிந்தது. பணம் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் நகரத்தார் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938ல் 25 சதவீதம். ஏதோ ஆசைப்பட்டுச் சேர்த்த சொத்து மாதிரி தெரியும். உண்மையில் அவர்களுக்கு வேண்டியிருந்தது காசு. அது வயலில் போய் முடங்கிவிட்டது. பர்மிய விவசாயிக்கோ, இருந்த நிலமும் போச்சு. 1942ல் ஜப்பான் படை வந்தது. 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்த கையோடு நில தேசியமயச் சட்டமும் வந்தது.

இப்போது மூன்று ஸ்லைடு. முதலில் தடங்கள் மட்டும். இரண்டாவதில் ‘ஆம்’ வழி. மூன்றாவது முழுக்க ‘இல்லை’ அம்புக்குத்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் வருஷம் போட்டிருக்கிறேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகத்தான் திரையில் வரும். விவசாயி தடத்தில் கடைசிக் கட்டம் என்ன என்று மட்டும் இன்னும் எழுதவில்லை. அடுத்த பேச்சுக்குள் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.