புகையை விட்டதும் ஈறுகளில் இரத்தம் கசிவது ஏன்?

பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடித்து வந்த ஒருவர், இனித் தொடுவதில்லை என்று உறுதி பூண்டு அதை விட்டுவிடுகிறார். இரண்டு வாரங்கள் கழிகின்றன. ஒரு நாள் காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிகிறது. நாக்கின் ஓரத்தில் ஒரு புண்ணும் தோன்றி எரிகிறது. "புகைத்த காலத்தில் இப்படி வந்ததே இல்லையே! விட்டதுதான் தவறோ?" என்று அவர் எண்ணத் தொடங்குகிறார். இந்த ஐயமே அவரை மீண்டும் பெட்டிக் கடைக்கு இழுத்துச் சென்றுவிடக்கூடும். உங்கள் தந்தையோ அண்ணனோ நண்பரோ இந்நிலையில் இருக்கலாம். அவருக்கு என்ன விடை சொல்வீர்கள்?

ஒலிக்காத மணி

பற்களின் அடியில், ஈறுகளை ஒட்டி, நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துலக்கி அகற்றாவிட்டால் இப்படலம் இறுகிப் பற்காரையாகிறது. நுண்ணுயிர்களை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு மிகுதியான இரத்தத்தை அனுப்புகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஈறு சிவந்து வீங்குகிறது. பிரஷ் பட்டால் இரத்தம் கசிகிறது. ஆகவே இந்தக் கசிவை, நோய் இருப்பதை அறிவிக்கும் எச்சரிக்கை மணி எனலாம்.

புகைப்பவரின் வாயில் இந்த மணி சரியாக ஒலிப்பதில்லை. நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மை உடையது. மேலும், ஈறு அழற்சியின்போது பெருக வேண்டிய இரத்தக் குழாய்கள் நெடுநாள் புகைப்பவரிடம் குறைவாகவே காணப்படுகின்றன.

குழாய் சிறிது சுருங்கினால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியல் மாணவர்கள் பாய்சொய் சமன்பாட்டை அறிவார்கள். அழுத்த வேறுபாடும் குழாயின் நீளமும் திரவத்தின் பாகுநிலையும் மாறாதிருந்தால், பாயும் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தால், 0.9 என்னும் எண்ணின் நான்காம் படி 0.656. அதாவது ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது! இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று. ஆகையால் இக்கணக்கு நுண் குழாய்களுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் சிறிய சுருக்கமும் பெரிய விளைவைத் தரும் என்பது இதனால் விளங்கும்.

வெளியே இரத்தம் தெரியாவிட்டாலும் உள்ளே நோய் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பல் ஆடத் தொடங்கும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது.

புகை நின்றபின் நடப்பது

புகையை விட்ட சில நாட்களிலேயே ஈறுகளின் இரத்த ஓட்டம் கூடுவதை 2004இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. புகையை விட்ட 27 பேரின் ஈறுகளைப் பல் மருத்துவக் கருவியால் தொட்டுப் பார்த்தார்கள். முன்பு 16 விழுக்காடு இடங்களில் இரத்தம் கசிந்தது. 4 முதல் 6 வாரங்களுக்குப் பின் 32 விழுக்காடு இடங்களில் கசிந்தது. இத்தனைக்கும் அவர்கள் பற்களை முன்னைவிடத் தூய்மையாகவே வைத்திருந்தார்கள். நின்றுபோயிருந்த மணி மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது; அவ்வளவுதான்.

வாய்ப்புண்ணும் இத்தகையதே. புகையின் வெப்பமும் இரசாயனப் பொருள்களும் ஓயாது தாக்குவதால், வாயின் உட்தோலில் கெரட்டின் என்னும் கடினப் புரதம் மிகுந்து அது தடிக்கிறது. காய்ப்பேறிய உள்ளங்கையை நினைத்துப் பாருங்கள். புகை நின்றதும் இத்தடிப்பு குறைகிறது. மென்மையான தோலில் சிறு காயமும் புண்ணாகிறது என்று கருதப்படுகிறது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புகையை விட்டவர்களில் ஐந்தில் இருவருக்கு வாய்ப்புண் வந்தது. பெரும்பாலும் அது முதல் இரண்டு வாரங்களில் தோன்றியது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 4 வாரங்களுக்குள் ஆறிவிட்டது.

என்ன செய்யலாம்?

இரத்தம் வருகிறதே என்று அஞ்சிப் பல் துலக்குவதைப் பலர் குறைத்துக்கொள்கிறார்கள். இது தவறு. மென்மையான பிரஷ் கொண்டு நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். பல் மருத்துவரிடம் சென்று பற்காரையை அகற்றிக்கொள்வது மிக நன்று. புண் உள்ளபோது வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிக்கலாம், காரத்தைக் குறைக்கலாம். நிக்கோட்டின் சூயிங்கம் மெல்பவர்களுக்கு அதனாலும் வாயில் எரிச்சல் வரலாம். அப்போது மருத்துவரைக் கேட்டு வேறு வகைக்கு மாறலாம். சிகரெட்டுக்குத் திரும்பக் கூடாது.

வாய் சும்மா இருக்க மறுக்கிறது என்று பாக்கையோ மெல்லும் புகையிலையையோ நாடுவது, ஒரு பள்ளத்திலிருந்து ஏறி மற்றொன்றில் விழுவதாகும். புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் அறிவித்துள்ளது.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. எல்லாப் புண்ணையும் "புகையை விட்டதால் வந்தது" என்று தள்ளிவிடக் கூடாது. இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாத புண், அழிக்க வராத வெண்ணிறத் திட்டு, சிவந்த திட்டு, கட்டி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புகையை விட்ட 5 முதல் 10 ஆண்டுகளில், வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அதனால் ஏற்பட்டிருந்த கூடுதல் அபாயம் பாதியாகக் குறைகிறது. அந்தப் பெரும் பயனுக்கு முன் சில வாரக் கசிவும் எரிச்சலும் எம்மாத்திரம்? உங்கள் வீட்டில் ஐயுற்று நிற்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்: "நோயை உண்டாக்கியது நீங்கள் எடுத்த முடிவு அன்று, புகை இதுவரை மறைத்து வைத்திருந்த நோய்தான் இப்போது வெளியே தெரிகிறது. தெரிந்துவிட்டதால், இனி அதைக் குணப்படுத்தலாம்."