பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்கு எந்த நாய்?



மருத்துவமனைப் போதகரிடம் மக்கள் பலவிதக் கேள்விகளோடு வருவதுண்டு. சில காலத்துக்கு முன், கர்ப்பவதிகளுக்குப் பரிசோதனை நடக்கும் ஒரு நாளில், இளம் தம்பதியர் இருவர் என் அறை வாசலில் வந்து நின்றனர். ஜெபிக்கக் கேட்பார்கள் என்று எண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அந்தத் தம்பியோ, "ஐயா, ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கோம். பிள்ளை பிறக்கப்போற நேரத்துல வாங்கலாமா?" என்று கேட்டார்.

அவர் ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஏரிக்கரையை ஒட்டி வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றில் குடியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் வாரத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தனியே படுத்திருக்க வேண்டும். "காத்து அடிச்சா கதவு ஆடும் ஐயா. விடியிற வரைக்கும் தூக்கம் வராது," என்றாள் அந்த மகள். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் தம் ஊரிலிருந்து ராஜபாளையம் குட்டி ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். குட்டிக்கு இரண்டு மாதம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இந்த ஆண்டுகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து, மாமியாரோ பாட்டியோ அருகில் இல்லாமல் குடித்தனம் நடத்தும் இளம் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகிவிட்டன. ஆகவே அந்தத் தம்பதியரின் கேள்வி இன்னும் பலருடைய கேள்வியாகவும் இருக்கும். நம் மருத்துவர்களிடமும் கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் விசாரித்து அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

நாயின் இனத்தை யோசிப்பதற்கு முன் மாதங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவாள். அப்போது குட்டிக்கு நான்கு மாதம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம் அது. செருப்பு, பாய், துணி, கை, கால் எதையும் கடித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் கணவர் ஒருவரே. அவரும் பத்து மணி நேரம் வேலையில் இருப்பார், மீதி நேரம் தூங்குவார். பூட்டிய அறையில் தனியே கிடக்கும் குட்டி யாரிடம் என்ன கற்றுக்கொள்ளும்?

பிள்ளை பிறக்கும்போது குட்டிக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். மூன்றாம் மாதத்தில் தாயும் சேயும் திரும்பி வரும்போது ஒன்பது மாதம். ராஜபாளையம் நாய் அந்த வயதில் ஏறக்குறைய முழு உயரத்துக்கு வந்துவிடும். தோள் வரை இரண்டடிக்கும் மேல் நிற்கும். உடல் பெரிது, புத்தியோ இன்னும் குட்டி. குணம் கெட்ட நாய் என்பதல்ல. விளையாட்டாய்ப் பாய்ந்தாலும் பச்சைப் பிள்ளை தாங்காது.

நம் வீடுகளில் பிள்ளையைச் சேலைத் தூளியில் போடுகிறோம். அது பெரும்பாலும் நாயின் முகத்துக்கு நேராகவே தொங்குகிறது. ஆடுகிற எதையும் துரத்துவது வேட்டை நாயின் சுபாவம். தூளி ஆடுகிறது, உள்ளிருந்து சிணுங்கல் வருகிறது. பழக்கப்படாத நாய்க்கு அது பிள்ளை என்று தெரியாது.

எந்த இனம்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் நம் தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் இனங்கள். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்காக வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. கன்னி நாயை மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்ததாகத் தென்பகுதியில் சொல்வார்கள். இவை நம் வெயிலைத் தாங்கும். ஆனால் வயலிலும் காட்டிலும் ஓடி வேட்டையாடவும், தோட்டம் காக்கவும் வளர்க்கப்பட்டவை. பத்துக்குப் பத்து அறையில் கட்டிப்போட்டால் அவற்றின் பலமே அவற்றுக்குத் தொல்லையாகிவிடும்.

வெளிநாட்டு இனங்களிலும் இதே கணக்குதான். லாப்ரடார் சாதுவானது என்று பெயர் பெற்றது; ஆனால் அதன் தீனிச் செலவு சிறிய சம்பளத்துக்குப் பாரம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மே மாதத்தில் மூச்சுக்குத் திணறும். பொமரேனியன் சிறியதுதான், ஆயினும் எளிதில் வெருண்டு குரைக்கும்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் இரண்டு கடித்துக் குதறிய செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். பிடித்து அடக்க முடியாத பலமுள்ள நாயைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அது நமக்கு நினைப்பூட்டியது.

"பிள்ளை வரப்போகும் வீட்டுக்கு இரண்டு அல்லது மூன்று வயது நிரம்பிய, குணம் தெரிந்த நாயே நல்லது," என்றார் கால்நடை மருத்துவர். குட்டி எப்படி வளரும் என்பதை ஒருவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த நாய் பிள்ளைகளிடம் எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்த்துவிடலாம். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், பிள்ளைக்கு விவரம் தெரியும்வரை காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அலட்சியம் செய்யக்கூடாத வியாதி

என் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் ஒரு சிறுவனின் படுக்கை அருகே இரண்டு இரவுகள் அமர்ந்திருந்தேன். தெருவில் எடுத்து வளர்த்த குட்டியின் பல் பட்டிருந்தது. "குட்டிதானே" என்று பெற்றோர் விட்டுவிட்டார்கள். அவன் தண்ணீர் கேட்டான். டம்ளரைக் கண்டதும் தொண்டை இறுகி நடுங்கினான். இன்றும் என்னால் அதை மறக்க முடியவில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. குட்டிகளுக்கும் இந்நோய் வரும். ஆனால் கடிபட்டவுடன் சிகிச்சை எடுத்தால் முற்றிலும் தடுத்துவிடலாம்.

நாய் கடித்தாலோ, கீறி இரத்தம் வந்தாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டதை நினைத்து இன்னும் சிலர் அஞ்சுகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004 இறுதியோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது கையில்தான். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக முதல் ஊசி போட்ட பின் 3, 7, 28-ஆம் நாட்களில் மீண்டும் போடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆழமான காயமானால் புண்ணைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்த வேண்டும்.

கர்ப்பவதிகள் இதைக் கவனமாய் வாசிக்க வேண்டுகிறேன். வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கெடுதி வருமோ என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்ப காலத்திலும், பாலூட்டும் காலத்திலும் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவே வேண்டும்.

நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பின்பு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். குட்டிகளின் வயிற்றில் புழு இருப்பது சகஜம். அந்தப் புழுவின் முட்டைகள் மண்வழியாகப் பிள்ளைகளின் வாய்க்குப் போகும். ஆகையால் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுப்பதும், அதன் மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்துவதும் அவசியம்.

ஏற்கனவே நாய் இருக்கும் வீடு

பிள்ளை வருகிறதென்று பழகிய நாயைத் தெருவில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பாவம், அவசியமுமில்லை. மாற்றங்களைப் பிள்ளை வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நாய் படுக்கும் இடத்தை மாற்ற வேண்டுமானால் இப்போதே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை வந்ததால்தான் தன் இடம் பறிபோயிற்று என்று அதற்குத் தோன்றிவிடும். காலித் தூளியைக் கட்டி ஆட்டிப் பழக்குங்கள். பிரசவம் ஆனதும் குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றை முன்னதாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து முகரச் செய்யுங்கள். எவ்வளவு நல்ல நாயானாலும், பெரியவர் ஒருவர் பார்வையில் இல்லாமல் பிள்ளையையும் நாயையும் ஒரே அறையில் விடாதீர்கள். அடுப்பங்கரைக்குப் போகும் இரண்டு நிமிடத்துக்கும் இது பொருந்தும்.

அந்தத் தம்பதியர் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் குடியிருக்கும் வரிசையில் வீட்டுக்காரம்மா சோறு போடும் நாட்டு நாய் ஒன்று உண்டு. மூன்று வயதுப் பெட்டை. அங்குள்ள பிள்ளைகள் நடுவே வளர்ந்தது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு, அதற்குத் தடுப்பூசியும் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்வித்து, இரவில் தங்கள் வாசலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். ராஜபாளையம் குட்டி வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டார்கள். "இப்ப கதவு ஆடினா, அது முதல்ல குரைக்கும் ஐயா," என்றாள் அந்த மகள், அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது.

பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் சங்கரன்கோவிலிலிருந்து திரும்பும்போது பையில் ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து அந்த நாயின் முன் விரித்தாராம். அது நெடுநேரம் முகர்ந்து பார்த்துவிட்டு அதன் அருகிலேயே படுத்துக்கொண்டதாம். ஆனாலும் தாயும் சேயும் வருவதற்கு முன் வாசலுக்கு ஓர் அரைக்கதவும் போட்டுவிட்டார். இரண்டும் செய்தது நல்லது என்று அவரிடம் சொன்னேன்.