பின்லாந்தில் உயர்கல்வி: கட்டணம் உயரும் வேளையில் மொழியே பெரிய சலுகை

புதுதில்லி: மூமின் கதைகள், சிபெலியுஸின் இசை, மரிமெக்கோவின் பூத்துணிகள், ஹெவி மெட்டல் இசைக்குழுக்கள், பனி மூடிய ஏரிக்கரையில் புகை கிளம்பும் சவுனா அறை என ஏதோ ஒன்றின் வழியாகப் பின்லாந்தின்மீது ஈர்ப்புக் கொள்ளும் இந்திய இளைஞர்கள் இருக்கிறார்கள். 2018 முதல் 2025 வரை தொடர்ந்து 8 ஆண்டுகள் உலக மகிழ்ச்சி அறிக்கையில் அந்த நாடு முதலிடம் பெற்றதும் இந்த ஈர்ப்பை வளர்த்திருக்கிறது. அங்கே சென்று படிக்க வேண்டும் என்ற விருப்பம் அதன் அடுத்த படி. ஆனால், பத்தாண்டுகளுக்கு முன்பு அந்த விருப்பத்துக்கு இருந்த வழி இன்று இல்லை. அப்போது எந்த நாட்டவருக்கும் பின்லாந்துப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது.

2017 ஆகஸ்ட் மாதம் அந்த நிலை மாறியது. ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதார மண்டலம் ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வந்து, ஆங்கில வழியில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் படிப்போர் ஆண்டுக்குக் குறைந்தது 1,500 யூரோ செலுத்த வேண்டும் எனச் சட்டம் கூறியது. நடைமுறையில் பல்கலைக்கழகங்கள் அதைவிடப் பல மடங்கு அதிகமாகவே நிர்ணயித்தன. முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டுவது வியப்புக்குரியதன்று. அடுத்த மாற்றத்தின்படி, 2026 ஆகஸ்ட் 1 முதல் படிப்பைத் தொடங்குவோரிடம் கல்விக்கான முழுச் செலவையும் ஈடுகட்டும் அளவில் கட்டணம் பெறப்படும். இதற்கு முன்னரே, விண்ணப்பத்துக்கு 100 யூரோ கட்டணமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரே பருவத்தில் தொடங்கும் படிப்புகளுக்கு எத்தனை விண்ணப்பம் அளித்தாலும் இதை ஒருமுறை செலுத்தினால் போதும்.

இரண்டு வாயில்கள் மட்டும் இன்னும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்த நாட்டவரிடமும் கல்விக் கட்டணம் பெறப்படுவதில்லை. பின்னிஷ் அல்லது ஸ்வீடிஷ் மொழியில் நடத்தப்படும் பட்டப்படிப்புகளுக்கும் கட்டணம் இல்லை; இந்தியர்களுக்கும் இது பொருந்தும். இந்த இரண்டாவது வாயிலைப் பற்றி வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. மொழியைக் கற்றுத்தர அவர்களால் முடியாது, அதில் தரகும் இல்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். பண்பாட்டின் ஈர்ப்பால் செல்ல விரும்பும் ஒருவருக்கோ, கவனித்துப் பார்க்க வேண்டிய வாயில் இதுதான்.

தமிழருக்கு முற்றிலும் அந்நியமற்ற மொழி

பின்னிஷ், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியன்று. எஸ்தோனியம் அதன் நெருங்கிய உறவு. ஹங்கேரிய மொழி தொலைதூர உறவு. யூராலிக் எனப்படும் இக்குடும்பத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் வாதிட்டார். அந்த உறவை இன்றைய மொழியியல் நிறுவப்பட்டதாக ஏற்கவில்லை. எனினும் அமைப்பில் உள்ள ஒற்றுமைகளைத் தமிழ் அறிந்தவர் முதல் வாரத்திலேயே உணரலாம்.

‘தலொ’ என்றால் வீடு. ‘தலொஸ்ஸ’ என்றால் வீட்டில். ‘தலொஸ்த’ என்றால் வீட்டிலிருந்து. ‘தலொஸ்ஸனி’ என்றால் என் வீட்டில். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக முன்னே வருவது, தமிழில் போலவே இங்கும் உருபாகப் பின்னே ஒட்டிக்கொள்கிறது. தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை எட்டு என்றால் பின்னிஷில் 15. குறில் நெடில் வேறுபாடும், மெய் இரட்டிப்பதும் பொருளை மாற்றுகின்றன. ‘துலி’ நெருப்பு, ‘தூலி’ காற்று, ‘துல்லி’ சுங்கம். பல், பால் என்று வேறுபடுத்திப் பழகிய செவிக்கு இது எளிது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் இங்கேதான் தடுமாறுவார். அவன், அவள் என்ற வேறுபாடு பின்னிஷில் இல்லை. இருபாலுக்கும் ஒரே சொல்தான்.

தமிழில் உள்ளதைப் போன்ற இரட்டை வழக்கும் அங்கே உண்டு. ‘நான் இருக்கிறேன்’ என்பதைப் பாடநூல் ‘மினா ஒலென்’ என்று கற்பிக்கும். ஹெல்சின்கி பேருந்தில் காதில் விழுவது ‘மா ஓன்’. எழுத்து மொழியை மட்டும் பயின்று செல்பவர் கடைக்காரர் பேசுவது புரியாமல் நிற்பது வழக்கமான அனுபவம்.

இந்த ஒற்றுமைகளை வைத்து மொழி எளிது என்று எண்ணிவிடக் கூடாது. பெயருக்கு முன் வரும் அடையும் அதே வேற்றுமை உருபை ஏற்க வேண்டும். தமிழில் அப்படி இல்லை. உருபு சேரும்போது சொல்லின் நடுவில் உள்ள மெய்யும் மாறும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பின்னிஷில் பணித்தேர்ச்சி பெற ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி நேரம் தேவை எனக் கணக்கிட்டுள்ளது. அதே பட்டியலில் அதே பிரிவில்தான் தமிழும் இருக்கிறது. ஆக, கல்லூரியில் சேரும் நிலைக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கடும் உழைப்பு வேண்டும். பட்டப்படிப்பில் சேரத் தேவைப்படும் தேர்ச்சியைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே வரையறுக்கின்றன. தேசிய மொழித் தேர்வான ‘யுகி’ 6 நிலைகளைக் கொண்டது. குடியுரிமைக்கு அதில் 3ஆம் நிலை போதும். பல்கலைக்கழக விரிவுரையைப் பின்தொடர அதற்கு மேல் செல்ல வேண்டியிருக்கும்.

உள்நாட்டிலிருந்தே தொடங்க வழிகள் உண்டு. பின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலே, எளிய பின்னிஷில் நாள்தோறும் செய்தி வழங்குகிறது. ‘கன்சன் ஒபிஸ்தோ’ எனப்படும் மக்கள் கல்லூரிகள், தங்கிப் படிக்கும் முறையில் வெளிநாட்டினருக்கு மொழியும் பண்பாடும் கற்பிக்கின்றன. இவை பட்டம் தருவதில்லை, கட்டணமும் உண்டு. எனினும் பட்டப்படிப்புக்கு முந்தைய ஓராண்டாக இதைக் கருதுவோர் உள்ளனர். பள்ளி மாணவர்களுக்கு ரோட்டரி, ஏஎஃப்எஸ் போன்ற அமைப்புகளின் மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் இன்னொரு வழி. ஒரு குடும்பத்துடன் தங்கி உள்ளூர்ப் பள்ளிக்குச் செல்லும் மாணவர் மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் வகுப்பறைக்கு வராது.

எதைப் படிப்பது, எங்கே படிப்பது

கல்வி அமைச்சகத்தின் கீழ் 13 பல்கலைக்கழகங்களும் 22 பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களும் உள்ளன. முதல்வகை ஆய்வு சார்ந்தது. இரண்டாவது தொழில் சார்ந்தது. 1640இல் துர்க்கு நகரில் தொடங்கி 1828இல் தலைநகருக்கு இடம்பெயர்ந்த ஹெல்சின்கி பல்கலைக்கழகம் இவற்றில் மிகப் பழமையானது. லினுக்ஸ் இயங்குதளத்தின் கருவை லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் உருவாக்கியபோது அங்கேதான் மாணவராக இருந்தார். சிந்துவெளி எழுத்தை ஆய்ந்து, 2010 கோவை செம்மொழி மாநாட்டில் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது பெற்ற அஸ்கோ பர்ப்போலாவும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்தான்.

பண்பாட்டு ஆர்வத்தோடு செல்பவருக்குத் தலைநகர் மட்டுமே இடமன்று. வடிவமைப்பில் நாட்டமுள்ளோர் ஆல்டோ பல்கலைக்கழகத்தை நாடுகின்றனர். சிபெலியுஸ் அகாடமியில் 1983 முதல் நாட்டுப்புற இசைக்குத் தனித் துறை இயங்குகிறது. கன்தெலே என்னும் தந்தி இசைக்கருவியை முறையாகப் பயில அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ரொவானியெமியில் உள்ள லாப்லாந்துப் பல்கலைக்கழகம் ஆர்க்டிக் ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றது. கிழக்கு எல்லையில் உள்ள யொயென்சு நகரம் கரேலியப் பண்பாட்டின் வாயில்.

அந்தக் கரேலிய நிலத்தின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தே எலியாஸ் லொன்ரோட் 1835இல் ‘கலேவலா’ காவியத்தை வெளியிட்டார். 1849இல் விரிவான பதிப்பு வந்தது. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த ஒரு சிறு மக்களினத்துக்கு, தன் மொழியிலும் இலக்கியம் உண்டு என்ற தன்னம்பிக்கையைத் தந்த நூல் அது. பிப்ரவரி 28 இன்றும் கலேவலா நாளாகக் கொண்டாடப்படுகிறது. இலங்கை எழுத்தாளர் உதயணன் தமிழாக்கத்தில் 1994இல் அது தமிழிலும் வெளிவந்தது. பின்லாந்து செல்ல எண்ணும் தமிழ் மாணவர், விமானச்சீட்டு வாங்கும் முன் தேடிப் படிக்க வேண்டிய நூல் என்று தயங்காமல் சொல்லலாம்.

பள்ளிக்கல்வியின் புகழால் ஆசிரியர் கல்வியும் இந்தியாவில் கவனம் பெற்றுள்ளது. கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் 2022இல் பின்லாந்து சென்று கல்வி ஒத்துழைப்புக் குறித்துப் பேசினார். தில்லி அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவது 2023 தொடக்கத்தில் அரசியல் மோதலாகவே மாறியது. ஆனால் பின்லாந்துப் பள்ளியில் ஆசிரியராக முதுநிலைப் பட்டம் தேவை, கற்பிக்கும் மொழியும் பெரும்பாலும் பின்னிஷ். ‘பிசா’ தேர்வில் அந்நாட்டின் மதிப்பெண்கள் 2006க்குப் பின் சரிந்து வருவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பணக் கணக்கு

மாணவருக்கான வசிப்பிட அனுமதி பெற, கல்விக் கட்டணம் நீங்கலாக வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 800 யூரோ கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 நவம்பர் வரை இது 560 யூரோவாக இருந்தது. முதலாண்டுக்கு 9,600 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று கொண்டாலும் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். மருத்துவக் காப்பீடும் தனியே எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் அளித்த பின், அடையாளச் சரிபார்ப்புக்கும் விரல் ரேகைக்கும் நேரில் செல்வது கட்டாயம்.

2022 ஏப்ரல் முதல் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே அனுமதி வழங்கப்படுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லை நீங்கியது நல்ல மாற்றமே. ஆனால் படிப்பு முன்னேறுகிறதா, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்பதைக் குடியேற்றத் துறை இடையிலும் சரிபார்க்கலாம். வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின் வேலை தேட 2 ஆண்டு அனுமதி உண்டு.

இந்த 30 மணி நேரத்தைத்தான் பலர் தவறாகக் கணக்கிடுகின்றனர். அது அனுமதியே தவிர, வேலைக்கான உறுதி அன்று. அண்மை ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையின்மை மிகுந்த நாடுகளுள் பின்லாந்தும் ஒன்றாகியிருக்கிறது. உள்ளூர் மொழி தெரியாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் துப்புரவு, உணவு விநியோகம் போன்ற பணிகளே; அவற்றுக்கும் போட்டி கடுமை. பகுதிநேர வேலையில் கட்டணத்தைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கல்விக்கடன் எடுப்பது பெரும் ஆபத்து. ஆங்கிலவழிப் பட்டத்தோடு வேலை கிடைக்காமல் திரும்பும் மாணவரின் குடும்பம், இங்கே பல ஆண்டுகள் அந்தக் கடனைச் சுமக்க நேரிடும். குடியுரிமைக்கான வசிப்புக் காலமும் 2024 அக்டோபரில் 5 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக உயர்ந்துவிட்டது.

கட்டணத்தில் பாதியையோ முழுவதையோ விலக்கும் உதவித்தொகைகளைப் பல்கலைக்கழகங்கள் வழங்குகின்றன. பெரும்பாலும் சேர்க்கை விண்ணப்பத்துடனேயே இதற்கும் கோர வேண்டும். சேர்ந்த பின் கேட்டுப் பயனில்லை.

அன்றாட வாழ்க்கை

மாணவர் விடுதி வாடகைதான் செலவில் முதன்மையானது. ஹெல்சின்கி வட்டாரத்தில் ஹோவாஸ், தாம்பெரேயில் தோவாஸ் போன்ற மாணவர் வீட்டுவசதி அமைப்புகள், சந்தை விலையைவிடக் குறைவாக அறை தருகின்றன. இடம் உறுதியானதும் அன்றே விண்ணப்பிப்பது நல்லது. பல குடியிருப்புகளில் பொதுச் சவுனா இருக்கும். 55 லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள் கொண்ட நாடு அது. 2020இல் யுனெஸ்கோ இந்த மரபைப் பட்டியலிட்டது. பேச்சைக் குறைத்தே பழகும் பின்லாந்தினர் மனம்விட்டுப் பேசும் இடமும் அதுவே. அரசு மானியத்தால் பல்கலைக்கழக உணவகத்தில் மதிய உணவு 3 யூரோ அளவில் கிடைக்கிறது, சைவ உணவும் உண்டு.

நட்பு மெல்லத்தான் வளரும். மாணவர் சங்கங்களில் சேர்ந்து, துறைக்கொரு நிறத்தில் அணியும் முழுநீள மேலங்கியை மாட்டிக்கொண்டு, மே தின ‘வப்பு’ விழாவில் கலந்துகொள்வோர்க்கு அது சற்று விரைவில் கைகூடும். காட்டில் எவரும் நடக்கலாம், காட்டுப்பழங்களைப் பறிக்கலாம் என்ற பொது உரிமை வெளிநாட்டு மாணவருக்கும் உண்டு. செலவில்லாத பொழுதுபோக்கு அது.

கடினமானது குளிரன்று, இருள். டிசம்பர் பிற்பகுதியில் ஹெல்சின்கியில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. வடகோடியில் உள்ள உத்ஸ்யொகியில் சுமார் 50 நாள் சூரியன் எழுவதே இல்லை. பின்லாந்தில் பாலில் வைட்டமின் டி சேர்க்கப்படுவதும் இந்தக் காரணத்தால்தான். தலைநகரிலும் பிற்பகல் மூன்றரைக்குள் இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் சோர்வும் தூக்கமும் பலரை வாட்டும்.

ஆங்கிலவழிப் படிப்புகளுக்கான கூட்டு விண்ணப்பம் வழக்கமாக ஜனவரியில் நடைபெறும். அரசின் இணையதளமான ‘ஸ்டடி இன்ஃபோ’ வழியாகவே விண்ணப்பிக்கலாம், முகவர் தேவையில்லை. முடிவுகள் கோடைக்கு முன் வெளியாகும். வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகின்றன. அப்போது மாலை 8 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே திருப்பி வைக்கப்படும்.