இணையக் கடைக்கு இடம் தேடுதல்

கடை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன எவை? பொருள்களை அடுக்கிய தட்டுகள், தராசு, கல்லாப்பெட்டி, கணக்கேடு, இரவில் பூட்டிச் செல்ல ஒரு பூட்டு. இவையெல்லாம் சேர்ந்ததே கடை. பழந்தமிழர் பகலில் நடந்த கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் நடந்ததை அல்லங்காடி என்றும் வழங்கினர். பகல் இரவு என்னும் வேறுபாடே இல்லாத அங்காடி ஒன்று நம் காலத்தில் தோன்றியிருக்கிறது. அதுவே இணையக் கடை. அதற்குச் சுவர் இல்லை. ஆயினும் தட்டும் கல்லாவும் கணக்கேடும் பூட்டும் அதற்கும் வேண்டும். இவை அனைத்தையும் ஒருங்கே வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் இன்று பல உள்ளன. அவற்றுள் ஒன்றைச் சிறு வணிகர் எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் வணிகன் அல்லேன். பல ஆண்டுகள் கணக்குப் பாடம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்ற ஒருவர் தம் மனைவியோடு பனையோலைப் பெட்டிகள் முடைந்து விற்று வருகிறார். சென்ற ஆண்டு அவர் என்னிடம் வந்து, "ஐயா, இணையத்தில் கடை திறக்க நினைக்கிறேன். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை நம்புவது என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார். வணிகம் எனக்குப் புதிது, கணக்கு பழையது. ஆதலின் இருவரும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். அப்பொழுது ஆராய்ந்தவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இத்தகைய தளங்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது காண்போம். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பால் கிரகாம், ராபர்ட் மாரிஸ் என்னும் இருவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். வியாவெப் என்பது அதன் பெயர். அதற்கு முன்பு இணையக் கடை வேண்டுவோர் நிரல் எழுத வல்லாரை அமர்த்தித் தமக்கெனத் தனியே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வியாவெப் செய்த புதுமை யாது? மென்பொருள் நிறுவனத்தின் கணினியிலேயே இருந்தது; கடைக்காரர் தம் வீட்டிலிருந்தபடியே உலாவி வழியாக அதனுள் நுழைந்து, படத்தையும் விலையையும் தாமே மாற்றிக்கொண்டார். 1998-இல் யாஹூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது.

அடுத்த கதை கனடா நாட்டின் ஒட்டாவா நகரத்தைச் சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து அங்குக் குடியேறிய டோபியாஸ் லுட்கே என்பவர், 2004-ஆம் ஆண்டில் ஸ்காட் லேக் என்னும் நண்பரோடு சேர்ந்து பனிச்சறுக்குப் பலகைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினார். அந்நாளில் கிடைத்த கடை மென்பொருள்கள் அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. அவரே நிரல் எழுத வல்லவர். ஆதலின் தம் கடைக்கு வேண்டியதைத் தாமே எழுதிக்கொண்டார். பலகை வணிகத்தைவிட அம்மென்பொருளையே பலர் விரும்புவர் என்பதை நண்பர்கள் உணர்ந்தனர். 2006-இல் அது ஷாப்பிபை என்னும் பெயரோடு பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் பெருந்தளங்களுள் அது ஒன்று. விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், பிக்காமர்ஸ் என்பனவும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ காமர்ஸும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இணையத்தில் பொருள் விற்க வழிகள் மூன்று. முதலாவது, பெருஞ்சந்தையில் ஒரு மூலையைப் பெறுவது. அமேசான், பிளிப்கார்ட் போன்றவை இத்தகைய சந்தைகள். அங்கே கூட்டம் முன்னரே கூடியிருக்கும். நாம் முரசறைந்து அழைக்க வேண்டுவதில்லை. ஆனால் வருவோர் சந்தையின் வாடிக்கையாளரே, நம்முடையவர் அல்லர். நம் பெட்டிக்கு அருகிலேயே வேறொருவர் பெட்டியும் குறைந்த விலையில் நிற்கும்.

இரண்டாவது, எல்லா வசதியும் அமைந்த வீட்டை வாடகைக்கு எடுப்பது. இதுவே ஒருங்கிணைந்த தளம். பொருள்களைக் காட்டும் பக்கம், வாங்குவோரின் கூடை, பணம் பெறும் வழி, சரக்கு இருப்புக் கணக்கு, ரசீது, அஞ்சல் அல்லது கூரியர் ஏற்பாடு ஆகியவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் அமைந்திருக்கும். பாதுகாப்பைப் பெரும்பாலும் வீட்டுக்காரரே கவனித்துக்கொள்வார்.

மூன்றாவது, சொந்த வீடு கட்டுவது. வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளோடு இணைந்து இயங்கும் வூகாமர்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அடிப்படை மென்பொருளுக்கு விலை இல்லை. ஆனால் கணினியில் இடம் பிடிப்பதும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும், களவு புகாமல் காப்பதும் நம் பொறுப்பே. இலவசமாகக் கல்லும் மரமும் கிடைத்தாலும், கொத்தனுக்கும் காவலனுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும் அன்றோ?

பெட்டி முடையும் குடும்பத்திற்கு நிரல் எழுதவும் தெரியாது. ஆள் அமர்த்தவும் வசதியில்லை. தம் பெயரால் கடை வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். ஆகவே இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டோம். இனி வந்தது கணக்கு.

மாணவர்களே, இவ்விடத்தில் நீங்களும் எழுதுகோலை எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்லும் எண்கள் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவை. எந்தத் தளத்தின் விலைப்பட்டியலும் அன்று. ஒரு பெட்டியின் விலை 400 ரூபாய் என்க. ஒரு தளம் மாதம் 2,000 ரூபாய் வாடகை கேட்கிறது. விற்பனையில் பங்கு கேட்பதில்லை. மற்றொன்று வாடகை கேட்பதில்லை. விற்பனையில் 5 விழுக்காடு, அதாவது பெட்டிக்கு 20 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. எது நயம்?

மாதம் 40 பெட்டிகள் விற்றால், முதல் தளத்தில் ஒரு பெட்டியின்மேல் விழும் சுமை 50 ரூபாய். இரண்டாவதில் 20 ரூபாய்தான். 100 பெட்டிகள் விற்றால் இரண்டும் சமம். 250 விற்றால், முதல் தளத்தில் சுமை 8 ரூபாயாகக் குறைகிறது. இரண்டாவதில் 20 ரூபாய் அப்படியே நிற்கிறது. ஆகவே எந்தத் தளம் மலிவு என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. மாதம் எத்தனை பெட்டி முடைய இயலும், எத்தனை விற்கும் என்று அறிந்தவருக்கே விடை கிடைக்கும்.

வாடகையோடு செலவு முடிவதும் இல்லை. வாங்குவோர் அட்டை வழியாகப் பணம் செலுத்தினால், அதனை வாங்கித் தரும் நிறுவனம் ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும். அது 2 விழுக்காடாயின் 400 ரூபாய்க்கு 8 ரூபாய். அக்கட்டணத்தின்மேல் நம் நாட்டில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 9 ரூபாய் 44 காசு. தம் பணவழியை விடுத்து வேறொன்றைப் பயன்படுத்தினால் தனிப்பங்கு கேட்கும் தளங்களும் உண்டு. இன்னும் துணைச் செயலிகள் என்று சில உள. வாங்கியோர் கருத்தைக் காட்ட ஒன்று, தள்ளுபடிச் சீட்டு வழங்க ஒன்று என ஒவ்வொன்றிற்கும் தனி வாடகை. அவ்வாறு மூன்று செயலிகளுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் கொடுத்தால், 2,000 என்றிருந்த வாடகை 3,500 ஆகிறது. 100 பெட்டி என்றிருந்த சம எல்லை 175 ஆக உயர்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் தொகை வேறு. மாதக் கடைசியில் கொடுக்கும் தொகை வேறு.

கணக்கு முடிந்த பின்னர் நான் அவரிடம் வேறொரு வினாவைக் கேட்டேன்: "இந்த வீட்டிலிருந்து வெளியேற வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் திகைத்தார். குடிபுகுமுன் வெளியேறுவதைப் பற்றிக் கேட்பது அபசகுனம் போலத் தோன்றலாம். ஆனால் நடந்த செய்திகளைப் பாருங்கள். ஈபே நிறுவனத்தின் வசமிருந்த மஜென்டோ கோ என்னும் வாடகைத் தளம் 2015 பிப்ரவரி முதல் நாளோடு மூடப்பட்டது. அமேசானைப் போன்ற பெருநிறுவனமே, வெப்ஸ்டோர் என்ற தன் கடைத்தளத்தை 2016-இல் நிறுத்திவிட்டது. அங்குக் கடை வைத்திருந்தோர் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் தேட நேர்ந்தது. சொந்த வீடு கட்டினாலும் கவலை அறவே தீர்வதில்லை. மஜென்டோ மென்பொருளின் முதற் பதிப்பிற்கு அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜூன் மாதத்தோடு நின்றன. சுவர் நின்றது, காவல் போயிற்று.

ஆதலின் வெளியேறும்போது எவை நம்மோடு வரும், எவை வாரா என்பதை முன்னரே அறிய வேண்டும். பொருள்களின் பெயர், விலை, வாங்கியோர் பட்டியல், விற்பனைக் கணக்கு ஆகியவற்றை அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொள்ள நல்ல தளங்கள் இடம் தருகின்றன. பக்கத்தின் அழகும் அமைப்பும் பெரும்பாலும் வாரா, அவை வீட்டுக்காரருடையவை. வாடிக்கையாளரின் கடவுச்சொற்களும் பொதுவாக வாரா. அவர்கள் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய பக்கங்களின் முகவரிகள் மாறிவிடும். பழைய முகவரியைத் தேடி வருவோரைப் புதிய பக்கத்திற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை நாமே செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் இன்றியமையாதது கடையின் இணையப் பெயர். தளத்தின் பெயரோடு ஒட்டிய இலவச முகவரியை வைத்துக்கொண்டால், தளம் மாறும்போது அதுவும் போய்விடும். நம் பெயரிலேயே தனிப்பெயரைப் பதிவு செய்து, ஆண்டுக் கட்டணத்தைத் தவறாது செலுத்தி வந்தால், வீடு மாறினாலும் பெயர்ப்பலகை நம்மோடு வரும். கடை அமைத்துத் தருபவர் தம் பெயரில் அதைப் பதிவு செய்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் கடமையாகும்.

என் மாணவர் இரண்டு தளங்களைத் தேர்ந்து, கட்டணமின்றிச் சோதிக்கத் தந்த நாள்களில் இரண்டிலும் கடை அமைத்துப் பார்த்தார். ஐந்து பெட்டிகளைப் பட்டியலிட்டார். உறவினர் ஒருவரைத் தம் கைப்பேசியில் ஒன்றை வாங்கச் சொன்னார். அப்பணத்தைத் திருப்பியும் கொடுத்துப் பார்த்தார். பின்னர் பட்டியலைக் கோப்பாக வெளியே எடுத்துத் திறந்து பார்த்தார். ஒன்றில் தமிழ்ப் பெயர்கள் செம்மையாக நின்றன. மற்றொன்றில் எழுத்துகள் சிதைந்து வந்தன. விளம்பரம் எதுவும் சொல்லாத அச்செய்தியை ஒரு பிற்பகல் சோதனை சொல்லிவிட்டது.

இளைஞர்களே, உங்களுள் சிலர் நாளை வணிகர் ஆவீர்கள். சிலர் பெற்றோரின் கடைக்குத் துணை நிற்பீர்கள். அப்போது ஒரு தாளில் நான்கு வினாக்களை எழுதிக்கொள்ளுங்கள். மாதம் எத்தனை விற்பேன்? அந்த அளவிற்கு எல்லாச் செலவும் சேர்த்து என்ன ஆகும்? என் கையாலேயே சோதித்துப் பார்த்தேனா? வெளியேறும் நாளில் என்னோடு எவை வரும்? இந்நான்கிற்கும் விடை எழுதிய பின்னரே பணம் செலுத்துங்கள். திங்கள்தோறும் ஒருநாள் வாங்கியோர் பட்டியலையும் கணக்கையும் கோப்பாக எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கேட்டை வீட்டுக்காரரிடமே விட்டுவைக்கும் பழக்கம் எக்காலத்து வணிகருக்கும் ஆகாது.